அரைக்காலும் வீசமும்



குன்னம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தை மாதத்து முற்பகலில், பருத்தி வெடித்து நிற்கும் காட்டு வழியே நடந்து ஒரு திருமணத்திற்குச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். பந்தலில் அமர்ந்ததும் பக்கத்திலிருப்பவர் கேட்கும் முதற் கேள்வி, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்பதாக இருக்கலாம். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சொந்தத்திலா, அசலிலா?" சொந்தம் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தாய்மாமனாக இருப்பார், அல்லது மாமன் மகனாகவோ அத்தை மகனாகவோ இருப்பார். அசல் என்றால் இதுவரை கொள்வினை கொடுப்பினை இல்லாத குடும்பம்.

இக்கேள்வி பழங்காலத்தது, ஆயினும் வழக்கொழிந்ததன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இரத்த உறவினரையே மணந்தவர்கள். ஆகவே இன்று இந்தப் பேச்சைக் கேட்கும் உங்களில் பலர் வீட்டுக் கதை இது. என் வீட்டுக் கதையும் இதுவே.

இவ்வழக்கத்தைப் பற்றி இரண்டு குரல்களை நாம் கேட்டு வருகிறோம். ஒன்று பாட்டியின் குரல். "உன் தாத்தாவும் நானும் சொந்தந்தான். எட்டுப் பிள்ளை பெற்றேன். யாருக்கு என்ன குறை வந்துவிட்டது?" என்பது அது. மற்றொன்று சுகாதார நிலையத்துச் சுவரொட்டியின் குரல். சொந்தத்தில் மணந்தால் குழந்தை ஊனமாய்ப் பிறக்கும் என்று அது அச்சுறுத்தும். பாட்டி சொல்வதும் உண்மையில் ஒரு பகுதி. சுவரொட்டி சொல்வதும் ஒரு பகுதி. எவ்வளவு பகுதி என்று கேட்டால் இருவருக்கும் விடை தெரியாது. அதைச் சொல்லவல்லது கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கின் விடை, நம் பழைய எண்சுவடியில் ஏற்கெனவே பெயர் பெற்றிருக்கும் இரண்டு பின்னங்கள்: அரைக்கால், வீசம். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. வீசம் என்பது பதினாறில் ஒன்று. அதை மாகாணி என்றும் சொல்வர்.

இவை எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். அதற்கு முதலில் ஒரு பானை வேண்டும்.

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவீர்கள் அல்லவா? அத்தகைய கொட்டைகளைக் கொண்டே மரபணுவை விளக்கிவிடலாம். ஒவ்வொரு மனிதனிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. நல்ல படியைக் கறுப்புக் கொட்டை என்றும், பழுதுபட்ட படியைத் தேய்த்த வெள்ளைக் கொட்டை என்றும் கொள்வோம். இங்கு நாம் பேசும் நோய்கள் ஒடுங்குத்தன்மை உடையவை. அதாவது ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் வைத்திருப்பவன் நலமாகவே வாழ்வான். தன்னிடம் வெள்ளை இருப்பதே அவனுக்குத் தெரியாது. இரண்டும் வெள்ளையாய் அமைந்துவிட்ட குழந்தைக்கே நோய் வரும். பிறவிச் செவிட்டுத்தன்மையில் பல வகைகள், தாலசீமியா என்னும் குருதி நோய், உணவுச் சத்தை உடல் பக்குவப்படுத்த இயலாமற் போகும் பல அரிய குறைகள் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இப்பொழுது ஊரார் அனைவருடைய கொட்டைகளையும் ஒரே பானையில் இட்டுக் கலக்கிவிட்டதாக நினையுங்கள். நூறு கொட்டைக்கு ஒன்று வெள்ளை என்க. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கொட்டை எடுத்தால் இரண்டும் வெள்ளையாக இருக்கும் வாய்ப்பு, நூறில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்க வருவது: பத்தாயிரத்தில் ஒன்று. ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக அமையும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 198. ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. இதில் புதுமை ஏதும் இல்லை. கறுப்பின் பங்கை ப என்றும் வெள்ளையின் பங்கைக் க என்றும் எழுதினால், நீங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த (ப + க)² = ப² + 2பக + க² என்னும் சூத்திரமே இது.

இந்தச் சிறு சூத்திரத்தை உயிரியலுக்குள் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம் இராமானுசனின் பெயரோடு சேர்த்து நாம் அறிந்திருக்கும் அதே ஹார்டி. 1908ஆம் ஆண்டு, இராமானுசன் கல்லூரித் தேர்வில் தவறி, வேலையும் இன்றிக் கணக்கேடும் கையுமாக இருந்த காலம். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு கிரிக்கெட் ஆடும் பழக்கமுடைய பன்னெட் என்னும் உயிரியலாளர் ஒரு சந்தேகத்தைக் கொண்டுவந்தார். குட்டை விரல் என்பது ஓங்குத்தன்மையுள்ள பண்பு ஆயிற்றே, அப்படியானால் காலப்போக்கில் மக்களில் முக்காற்பங்கினர் குட்டை விரலராய் ஆகிவிட வேண்டாமோ என்பது அக்காலத்தில் எழுந்த வினா. ஹார்டி சில வரிகளில் கணக்கிட்டு, அப்படி ஆகாது. பானையில் வெள்ளை எத்தனை பங்கு இருந்ததோ அடுத்த தலைமுறையிலும் அத்தனை பங்கே இருக்கும் என்று காட்டி, 'சயன்ஸ்' என்னும் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஜனவரியில், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வெயின்பர்க் தனியே இதைக் கண்டு சொற்பொழிவாற்றியிருந்தார். எனவே இருவர் பெயராலும் இவ்விதி வழங்குகிறது. தம் கணிதம் உலகிற்கு எந்தப் பயனும் தராதது என்று பெருமை கொண்டவர் ஹார்டி. மருத்துவக் கல்லூரி மாணவர் அனைவரும் அவர் பெயரைத் தேர்வில் எழுத நேர்ந்திருப்பது அவருக்கு அவ்வளவாகப் பிடித்திராது.

ஹார்டியின் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டும். நாமோ கண்ணைத் திறந்துகொண்டு, அதுவும் அக்காள் வீட்டுப் பானையிலிருந்தே எடுக்கிறோம். அப்பொழுது என்ன ஆகும்?

ஒரு பெரியவரை நினையுங்கள். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்குப் பிறந்த பெண்ணை மகன் மணந்துகொள்கிறான். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. அக்குழந்தைக்கு அந்தப் பெரியவர் தந்தை வழியில் பாட்டன். தாய் வழியில் பூட்டன். ஒரே ஆள் இரண்டு வாசல்கள் வழியே அக்குழந்தையின் உடலுக்குள் வருகிறார். பெரியவரிடம் உள்ள இரண்டு கொட்டைகளில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம். அது மகனுக்குப் போக வாய்ப்பு பாதி. மகனிடமிருந்து குழந்தைக்கு வரப் பாதி. மறு வழியில், பெரியவரிடமிருந்து மகளுக்குப் போகப் பாதி. மகளிடமிருந்து பேத்திக்குப் பாதி. பேத்தியிடமிருந்து குழந்தைக்குப் பாதி. ஆக ஐந்து முறை பாதியாக்க, முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எண்சுவடி வழக்கில் அரைவீசம். ஆனால் பெரியவரிடம் இரண்டு கொட்டை. அவர் மனைவியிடம் இரண்டு கொட்டை. நான்கு கொட்டைகளுக்கும் இதே கணக்கு. நான்கு அரைவீசம் சேர்ந்தால் எட்டில் ஒன்று. அதாவது, தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தையிடம், எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும், அதன் இரு படிகளும் ஒரே முன்னோரின் ஒரே கொட்டையின் நகல்களாக இருக்கும் வாய்ப்பு அரைக்கால்.

மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் வழியில் ஒரு படி கூடுகிறது. ஆறு முறை பாதியாக்கி நான்கால் பெருக்க, பதினாறில் ஒன்று வரும். அதுவே வீசம். இவ்வாறு வழிகளை எண்ணிப் பார்க்கும் முறையை 1922இல் ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் ஸூவல் ரைட் என்னும் அமெரிக்கர். அவர் எண்ணியது மனிதர்களை அன்று, கினிப்பன்றிகளையும் கால்நடைகளையும். இவ்வெண்ணுக்கு உட்கலப்புக் கெழு என்று பெயர்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. சித்தப்பா மகளைத் தங்கை என்கிறோம். அவளை மணப்பது நினைக்கவும் தகாதது. மாமன் மகளோ முறைப்பெண். நம் உறவு முறைச் சொற்கள் இவ்விருவருக்கும் இடையே ஒரு பெரிய மதிலை எழுப்பியிருக்கின்றன. கணக்கோ அம்மதிலை அறியாது. இருவருக்கும் அதே வீசந்தான். பாலினத்தை நிர்ணயிக்கும் குரோமோசோமில் உள்ள மரபணுக்களுக்கு மட்டும் இக்கணக்கு சற்றே மாறும். அதை இங்கு விட்டுவிடுகிறேன்.

சரி, இனி நோயின் வாய்ப்பைக் காண்போம். முன் சொன்ன பானையில் நூற்றுக்கு ஒன்று வெள்ளை. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு, எட்டில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு கொட்டையும் ஒன்றின் நகல்களே. அந்த ஒன்று வெள்ளையாக இருக்க வாய்ப்பு நூறில் ஒன்று. எனவே எண்ணூறில் ஒன்று. மீதி ஏழு பங்கில் பழைய பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 748இல் ஒரு குழந்தைக்கு நோய் வரும். அத்தை மகள், மாமன் மகள் வகையில் இது 1,391இல் ஒன்று. அசலில் மணந்தால் 10,000இல் ஒன்று. முதல் வகை பதின்மூன்று மடங்கு. இரண்டாவது வகை ஏழு மடங்கு.

நோய் மேலும் அரிதானதாக இருந்தால் மடங்கு மேலும் பெருகும். ஆயிரம் கொட்டைக்கு ஒன்றே வெள்ளை என்றால், அசலில் பத்து லட்சத்தில் ஒன்றாக வரும் நோய், தாய்மாமன் திருமணத்தில் ஏறத்தாழ 7,900இல் ஒன்றாக வரும். நூற்று இருபது மடங்கிற்கும் மேல். பத்துக்கு ஒன்று வெள்ளையாக இருக்கும் நோய்க்கோ இரண்டு மடங்குதான். இதனாலேயே 1902இல் லண்டன் மருத்துவர் கேரட், சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய குறையை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் பெற்றோரில் பலர் உடன்பிறந்தார் மக்களாக இருப்பதைக் கண்டார். மிக அரிய நோயின் முகவரி, உறவுத் திருமணம் நடந்த வீட்டிலேயே பெரும்பாலும் அகப்படும்.

பாட்டியின் வாக்கு எங்கே உண்மை என்பது இப்பொழுது விளங்கும். 748இல் ஒன்று என்றால் மற்ற 747 குழந்தைகளும் அந்நோய் இன்றிப் பிறப்பவர்கள். எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு பாட்டியின் அனுபவம் இக்கணக்கை மெய்ப்பிக்கவும் போதாது, பொய்ப்பிக்கவும் போதாது. ஆனால் நோய் ஒன்றன்று. ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பானை உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று பல நாட்டு ஆய்வுகளையும் ஒருங்கே கொண்டு பிட்டில்ஸ், பிளாக் என்னும் இருவர் 2010இல் கணித்தனர். அத்தை மக்கள், மாமன் மக்கள் போன்ற முதல்நிலை உறவினருக்குப் பிறக்கும் குழந்தைகளில், வயது வருமுன் இறப்பவர்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 3.5 பேர் அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நூற்றுக்கு மூன்றரை என்பது சுவரொட்டி அச்சுறுத்தும் அளவுக்கு இல்லை. ஓர் ஊரில் நூறு தொட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அது சிறிய எண்ணும் இல்லை.

இனி ஒரு வலிமையான மறுப்பைக் கவனிக்க வேண்டும். தென்னாட்டில் இவ்வழக்கம் நேற்று வந்ததன்று; நூற்றாண்டுகள் பலவாக நிலைத்திருப்பது. அப்படியானால் இதற்குள் நாம் அனைவரும் நோயாளிகளாய் ஆகியிருக்க வேண்டாமா?

இந்த வினாவை நேராக எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் புகழின் உச்சியில் இருந்த அவர், 1957இல் அந்நாட்டை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குடிமகனாகவே ஆனார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்காதீர்கள், உங்கள் ஊரிலேயே எண்ணத்தக்கவை ஏராளமாக உள்ளன என்பது மாணவர்க்கு அவர் காட்டிய வழி. அவ்வழியில் அவருடைய மாணவர் துரோணம்ராஜு கிருஷ்ணராவும், மீரா கான் என்பவரும் ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களை எண்ணத் தொடங்கினர். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் ஹால்டேன் இறந்தபொழுது, அவர் விருப்பப்படியே அவர் உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில்வதற்காக அனுப்பப்பட்டது.

ஹால்டேன் 1939, 1940ஆம் ஆண்டுகளிலேயே இதற்கான கணக்கைப் போட்டிருந்தார். அதன் போக்கை நம் ஊர் எண்களால் விளக்குகிறேன். பானையில் இரண்டு வேலைகள் ஒருங்கே நடக்கின்றன. ஒரு புறம், ஒவ்வொரு தலைமுறையிலும் லட்சத்தில் ஒரு கறுப்புக் கொட்டை தானாகவே பழுதுபட்டு வெள்ளையாகிறது என்று கொள்வோம். மறுபுறம், இரண்டு வெள்ளையோடு பிறந்த குழந்தை பிள்ளைப்பேறு அடையுமுன்னரே இறந்துவிட, அதனோடு இரண்டு வெள்ளைக் கொட்டைகள் பானையை விட்டு நீங்குகின்றன. வரவும் செலவும் ஒத்துப்போகும் நிலையே சமநிலை. அசலிலேயே எல்லாரும் மணக்கும் நாட்டில், வெள்ளைக் கொட்டை ஏறத்தாழ ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவில் அச்சமநிலை ஏற்படும்.

இப்பொழுது ஓர் ஊரில் நூறு திருமணங்களில் பத்து தாய்மாமன் வகை, இருபது மாமன் மகள், அத்தை மகள் வகை, மற்றவை அசல் என்று கொள்வோம். பத்து அரைக்காலும் இருபது வீசமும் சேர்ந்து இரண்டரை. நூறால் வகுத்தால் நாற்பதில் ஒன்று. அதற்கும் நம் சுவடியில் பெயர் உண்டு: அரைமா. இந்த ஊரில் வெள்ளைக் கொட்டைகள் இணை இணையாகச் சேர்ந்து விரைவில் வெளிப்பட்டுவிடுவதால், சமநிலை பத்தாயிரத்துக்கு நான்கு என்ற அளவிலேயே அமைந்துவிடும். அசல் நாட்டின் அளவில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் பிறக்கும் நோயாளிக் குழந்தைகளின் எண்ணிக்கை? இரண்டு இடங்களிலும் ஒன்றே, லட்சத்தில் ஒன்று. வரவு எவ்வளவோ செலவும் அவ்வளவே ஆகவேண்டும் அல்லவா? மறுப்புரைத்தவருக்கு இக்கணக்கு ஓரளவு துணை நிற்கிறது.

பம்பாயைச் சேர்ந்த சங்வி 1966இல் இந்தக் கருத்தையே தென்னிந்தியாவைப் பற்றி எடுத்துரைத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ராவ், இன்பராஜ் ஆகியோர் அந்நகரிலும் சுற்றியுள்ள நாட்டுப்புறத்திலும் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நாட்டுப்புறத்தில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவிலேயே நடந்தன. ஆயினும் கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் அவர்கள் எதிர்பார்த்த பெரிய வேறுபாடு தென்படவில்லை. பல தலைமுறை வழக்கத்தால் தீய மரபணுக்கள் களையப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

பாட்டி வென்றுவிட்டாள் என்று சொல்லத் தோன்றும். நானும் இக்கட்டுரைகளை முதலில் படித்தபொழுது அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அதே கணக்கை இன்னும் இரண்டு வரி நீட்டினால் வேறொன்று தெரியும். களைதல் என்பது எத்தனை காலம் பிடிக்கும்? அரைமா அளவு உட்கலப்பில், ஒரு தலைமுறைக்கு நாற்பதில் ஒரு பங்கு வீதமே வெள்ளை குறைகிறது. நாற்பது தலைமுறை, அதாவது ஆயிரம் ஆண்டு சென்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சியிருக்கும். அடுத்து, களையப்பட்டது என்று நூல்கள் எழுதுகின்றனவே, அச்சொல்லுக்குப் பொருள் என்ன? ஒவ்வோர் இணை வெள்ளைக் கொட்டையும் ஒரு குழந்தையோடு போயிற்று என்பதே. எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டியைக் கேட்கும்பொழுது, எத்தனை பிள்ளை வளர்ந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே எனக்கு வியப்பளிப்பது. களைதல் உண்மையாகவே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் இன்று உறவுத் திருமணத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? பானையில் வெள்ளை பத்தாயிரத்துக்கு நான்கே. கண்ணை மூடி எடுத்தால் இரண்டும் வெள்ளையாக வருவது அறுபது லட்சத்தில் ஒன்று. லட்சத்தில் ஒன்றாக இருந்த நோய் ஒரே தலைமுறையில் அந்த அளவுக்கு இறங்கிவிடும். பின்னர் வெள்ளை மெல்ல மெல்ல ஏறிப் பழைய சமநிலையை நெருங்கப் பல நூறு தலைமுறைகள், அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆகவே முன்னோர் செய்த களையெடுப்பை எடுத்துக்காட்டி வழக்கத்தைத் தொடரவேண்டும் என்பவர், வட்டியைக் கட்டி முடித்த பின்னும் கடனை மீட்காமல் மேலும் வட்டி கட்டுகிறவர் போன்றவர்.

அன்றியும், களைதல் முற்றுப்பெறவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. கருநாடகத்தில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் குருதியைச் சோதித்த ஆய்வு ஒன்று 1988இல் வெளிவந்தது. அமினோ அமிலங்களைப் பக்குவப்படுத்துவதில் குறையுடைய குழந்தைகளின் பெற்றோரிடையே உறவுத் திருமணம் மிகுந்திருப்பதை அது காட்டியது.

அப்படியானால் அசலில் மணந்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அசல் என்று நாம் சொல்வது எவ்வளவு அசல் என்பதைப் பொறுத்தது அது. இதற்கு ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். பத்துக் கறுப்பு, பத்து வெள்ளை, ஆக இருபது புளியங்கொட்டைகளை ஒரு சட்டியில் இடுங்கள். பாராமல் ஒன்று எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போடுங்கள். இப்படி இருபது முறை. குறித்த இருபது நிறங்களே அடுத்த தலைமுறை. அதற்கேற்பப் புதிய சட்டியை நிரப்பி மீண்டும் எடுங்கள். பத்துக்குப் பத்து என்று தொடங்கியது எட்டுக்குப் பன்னிரண்டு ஆகும். பிறகு ஐந்துக்குப் பதினைந்து ஆகலாம். சராசரியாக முப்பது தலைமுறைக்குள் ஒரு நிறம் அடியோடு மறைந்து, சட்டி முழுவதும் ஒரே நிறமாகிவிடும். எந்த நிறம் வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. நல்லது வெல்லவேண்டும் என்ற நியதியும் இல்லை. சட்டி சிறிதாக இருப்பதே இதற்குக் காரணம். இதே சோதனையை இரண்டாயிரம் கொட்டைகளோடு செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால், நிறங்களின் பங்கு எளிதில் அசையாமை காண்பீர்கள்.

நம் சாதிகளும் உட்பிரிவுகளும் இத்தகைய சட்டிகளே. ஐதராபாதிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துத் தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டேவிட் ரைக்கும் தம் கூட்டாளிகளோடு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சிலரிடமிருந்தே கிளைத்துப் பெருகியவை என்று தெரிந்தது. அரிய மரபு நோய்களுக்குப் பெயர்பெற்ற பின்லாந்து மக்களிடத்தும் அஷ்கனாசி யூதரிடத்தும் காணப்படுவதைவிட அந்தச் சுருக்கம் இங்கு மிகுதி. அவற்றுள் 14 குழுக்கள் இன்று பத்து லட்சம் பேருக்கு மேல் பெருகியவை. தலை எண்ணிக்கை பெருகினாலும், கொட்டைகள் அந்தப் பழைய சிறு சட்டியிலிருந்து வந்தவையே. பக்கத்து ஊரில், உறவே இல்லாத வீட்டில், ஆனால் அதே உட்பிரிவில் பெண் எடுப்பவர், அரைக்காலையும் வீசத்தையும் தவிர்த்துவிடுகிறார், அச்சட்டியைத் தவிர்ப்பதில்லை.

இதுவரை சொன்னவை ஊர்க் கணக்கு. ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். குன்னத்தருகே ஒரு குடும்பம் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அக்காள், தம்பி, கடைசியாக ஒரு சிறுவன். அச்சிறுவன் நான்கு வயதில், ஒடுங்குத்தன்மையுள்ள ஒரு மரபு நோயால் இறந்துபோனான். இருபது ஆண்டுகள் கழித்து, தம்பிக்கு அக்காள் மகளையே கட்டிவைக்கலாம் என்ற பேச்சு எழுகிறது. அரைக்கால் என்ற பின்னத்தை வைத்து, 748இல் ஒன்று என்று இவர்களுக்குச் சொல்லிவிடலாமா? கூடாது. சிறுவன் அந்நோயால் இறந்தான் என்பதே, அவன் தாய் தந்தை இருவரிடமும் ஒரு வெள்ளைக் கொட்டை இருந்தது என்பதற்குச் சாட்சி. நலமாக வளர்ந்த தம்பியிடம் வெள்ளை இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அக்காளிடமும் அப்படியே மூன்றில் இரண்டு. அவள் மகளிடம் அதில் பாதி, மூன்றில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு நோய் வருவது நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்குங்கள்: பதினெட்டில் ஒன்று. அதே தம்பி அசலில் மணந்தால் ஏறத்தாழ முந்நூறில் ஒன்று. அதே பெண் அசலில் மணந்தால் ஏறத்தாழ அறுநூறில் ஒன்று.

இன்று பெரிய மருத்துவமனைகளில் மரபணுச் சோதனை செய்துகொள்ள முடிகிறது. செய்துகொண்டால் அந்த மூன்றில் இரண்டு என்பது ஒன்றாகவோ சுழியாகவோ மாறிவிடும். பிறகு பின்னமே தேவையில்லை. ஆனால் எந்த மரபணுவைச் சோதிப்பது என்று மருத்துவர் கேட்பார். அதற்கு அச்சிறுவன் எந்த நோயால் இறந்தான் என்பது தெரிந்திருக்கவேண்டும். அது எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்காது. அவனுக்கு நடை தாமதமாக வந்ததா, காது கேட்டதா, மேனி வெளிறியிருந்ததா, எந்த மாதத்தில் பால் குடிக்க மறுத்தான் என்பதெல்லாம் இன்று அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் நினைவிருக்கும். எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டிக்கு.